மாமி வீட்டுச் சுவரும் நான் சுரண்டிய மட்டாஞ்சேரியும்

யாராவது உங்களிடம் வந்து, "நான் அசல் இந்த மண்ணுக்காரன்" என்று மார்தட்டினால், ராத்திரி எங்கே போய்ப் படுக்கிறான் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். நிச்சயமாக வேறு ஊரில்தான் படுப்பான். அந்த மண்ணிலேயே படுத்து எழுகிறவனுக்கு மார்தட்ட நேரம் கிடையாது. மழை வந்தால் சாக்கடைத் தண்ணீர் வாசல் ஏறும், அதை அவன் தள்ளியாக வேண்டும்.

இப்படி மார்தட்டுகிற கூட்டத்தின் முன்வரிசையில் ஒரு காலத்தில் நானும் நின்றேன். நான் தட்டிய ஊர் மட்டாஞ்சேரி, எர்ணாகுளத்துக்கு அக்கரையில் இருக்கிற பழைய துறைமுகப் பேட்டை. படுத்து எழுந்தது இக்கரையில், இடப்பள்ளியில், ஆறாவது மாடியில்.

நாங்கள் ராவுத்தர்கள். அத்தாவுக்கு அத்தா காலத்தில் கம்பத்துப் பக்கமிருந்து ஏலக்காய் மூட்டையோடு மட்டாஞ்சேரிக்கு வந்து, மூட்டை விற்ற பிறகும் திரும்பிப் போகாதவர்கள். வீட்டுக்குள் தமிழ், வாசலுக்கு வெளியே மலையாளம், சண்டை என்றால் இரண்டும். எனக்கு இரண்டு வயதாக இருக்கும்போது அத்தா, மட்டாஞ்சேரி வீட்டில் தன் பங்கைத் தங்கை ஜமீலா மாமிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு இடப்பள்ளியில் பிளாட் வாங்கினார். லிஃப்ட், வாசலில் சீருடைக் காவலாளி, ஜன்னலைத் திறந்தால் பெரிய மால். நான் பட்ட கஷ்டம் என்று சொல்வதானால், அந்த மாலில் ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் சுற்றியதைத்தான் சொல்லவேண்டும்.

ஆனால் சினிமாக்காரர்கள் மட்டாஞ்சேரியை எங்கேயோ கொண்டுபோய் வைத்துவிட்டார்களே! ரவுடிப் படம் என்றாலே மட்டாஞ்சேரிதான்: ஒரு சந்து, ஒரு கத்தி, பின்னால் மழை. கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் "எந்த ஊர்?" என்று கேட்டபோது, "மட்டாஞ்சேரி" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். மெஸ் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் ஒதுங்கி வழிவிட்டான். (இடப்பள்ளின்னு சொல்லியிருந்தா, "ஓ, அந்த மால் இருக்கிற இடமா?"ன்னு கேட்டிருப்பான்.) அன்றிலிருந்து தாடி வளர்த்தேன். வேட்டியை மலையாளத்தான் மாதிரி மடித்துக் கட்டி, பார்க்கிறவர்களையெல்லாம் "மச்சானே" என்று கூப்பிட்டேன். அதுவரை நான் ஒரு பூனையோடுகூட மல்லுக்கு நின்றதில்லை.

படிப்பு முடிந்ததும் எர்ணாகுளத்தில் ஒரு சின்ன விளம்பரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். நேர்முகத்திலும் அதே பாட்டுத்தான்: "மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்தவன், சார்." பிறந்தது உண்மை. ஆறு மாதம் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரமாக்குவோம் என்றார்கள். எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் வீட்டாரும் அந்த ஆறு மாதத்துக்காகத்தான் காத்திருந்தார்கள்.

அந்த நேரத்தில் ஒரு மசாலாப்பொடி விளம்பரம் வந்தது. எடுக்கிறவர் சென்னையிலிருந்து வந்த கௌதம். கசங்கிய கதர்ச் சட்டை, கை நிறைய வெள்ளி வளையம். அந்தக் கசங்கலை இஸ்திரிக்காரர் யாராவது கவனமாகச் செய்துகொடுத்திருக்க வேண்டும், அவ்வளவு ஒழுங்காகக் கசங்கியிருந்தது.

"எனக்கு பாலிஷ் வேணாம் ப்ரோ," என்றார். "ராவா வேணும். அழுக்கு வேணும். நிஜமான மட்டாஞ்சேரி வீடு, நிஜமான அம்மா. உண்மை தெரியணும்."

நான் போனை எடுத்துப் போன பெருநாளில் எடுத்த படத்தைக் காட்டினேன். ஜமீலா மாமி பிரியாணித் தட்டோடு நிற்கிறார். பின்னால், ஓதம் ஏறிக் காரை பெயர்ந்து, பச்சையும் கறுப்புமாகப் பூத்துப்போன சுவர். கௌதம் மாமியை விரலால் ஒதுக்கிவிட்டுச் சுவரைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இந்தச் சுவர் பேசுது ப்ரோ," என்றார். கண் கலங்கிவிட்டது. (அந்தச் சுவர் நெசமாவே பேசியிருந்தா மொதல்ல இருமியிருக்கும்.)

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது நல்லபடியாக முடிந்தால் அடுத்த வாரமே வேலை நிரந்தரம் என்றார். முடியாவிட்டால் என்ன என்பதை அவர் சொல்லவில்லை, கதவைப் பார்த்தார்.

அன்றே மாமிக்குப் போன் செய்தேன்.

"மாமி, வியாழக்கிழமை கேமராக்காரங்க நம்ம வீட்டுக்கு வர்றாங்க. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்."

"ஒண்ணும் செய்யலெடா."

"வீடு இருக்கிற மாதிரியே இருக்கட்டும். அதுதான் அவங்களுக்கு வேணும்."

"பின்னெ? இருக்கிற மாதிரிதான் இருக்கும். நீ பேடிக்காதே மோனே."

நானும் பயப்படவில்லை. அங்கேதான் என் மட்டாஞ்சேரித்தனம் பல்லிளித்தது. எங்கள் குடும்பங்களில், வரப்போகிறவர் "ஒண்ணும் வேணாம்" என்று சொல்வது மரியாதை. அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது மானக்கேடு. "சாயா மட்டும் போதும்" என்று சொன்ன சம்பந்திக்கு நிஜமாகவே சாயா மட்டும் கொடுத்த ஒரு வீட்டைப் பற்றி இன்றைக்கும் எங்கள் கல்யாணங்களில் பேசுகிறார்கள். இருக்கிற மாதிரியே இருக்கட்டும் என்று நான் அழுத்திச் சொல்லச் சொல்ல, வரப்போகிறவர்கள் எவ்வளவு பெரிய ஆட்கள் என்பது மாமிக்கு விளங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அந்த வீட்டில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். தாடி மட்டும் வளர்த்தவனுக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலையில் வண்டி பாலத்தைக் கடந்ததும் எனக்குள் நாட்டாமை வந்து உட்கார்ந்துகொண்டார். பஜார் ரோட்டிலேயே எல்லாரையும் இறக்கி நடக்க வைத்தேன். "இங்கே வண்டியில போனா மதிக்க மாட்டாங்க ப்ரோ" என்று கௌதமிடம் சொன்னேன். (எவன் மதிக்கலை? எல்லாரும் வண்டியிலதான் போய்க்கிட்டிருந்தாங்க.) சாயாக்கடைக்காரரைப் பார்த்து, "என்ன சேட்டா, சுகம்தானே?" என்று கை தூக்கினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சுகம்தான். யாரு, மனசிலாகலையே?" என்றார். கௌதமுக்குக் காதில் விழாதபடி பலமாகச் சிரித்து வைத்தேன்.

சந்துக்குள் நுழைந்தோம். நான் முன்னால், கேமராவும் விளக்குகளும் பின்னால். வீட்டுக்கு வெளியிலும் அதே பூத்த சுவர்தான், அதுதான் எனக்கு அடையாளம். அதைத் தேடிக்கொண்டே நடந்தேன், சந்து முடிந்துவிட்டது. திரும்பி வந்தேன், பஜார் ரோடு வந்துவிட்டது. சொந்த மாமி வீட்டைக் காணவில்லை. கௌதம் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

மறுபடி உள்ளே போனபோது, கிளிப்பச்சையில் மினுங்கிக்கொண்டிருந்த ஒரு வீட்டின் வாசலிலிருந்து குரல் வந்தது.

"எடா அன்வரே, எங்கே அங்கேயும் இங்கேயும் ஓடறே? வீட்டைத் தாண்டிப் போறியே!"

பட்டுச்சேலை கட்டி மாமி நின்றிருந்தார். கழுத்து நிறைய நகை, பாதி பக்கத்து வீட்டுக்காரி கொடுத்தது. அருகில் காதர் மாமா. வெள்ளை முடிக்கெல்லாம் சாயம் பூசி, நெற்றியிலும் கொஞ்சம் பூசிக்கொண்டு நின்றார்.

உள்ளே போனோம். நாலு சுவரும் ரோஸ். ஈரம் காயாத பெயின்ட் வாசனையில் தலை சுற்றியது. காலத்துக்கும் கிடந்த மரப்பெஞ்சைக் காணோம், அந்த இடத்தில் இரவல் சோபா ஒன்று பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் உட்கார்ந்திருந்தது. மேசையில் பிளாஸ்டிக் ரோஜா. மாமாவும் மாமியும் மகன்களும் சேர்ந்து ராவும் பகலும் அடித்திருக்கிறார்கள்.

"எப்படி இருக்கு மோனே? கொள்ளாமா?" என்று மாமி என் முகத்தைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கௌதமின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது மட்டாஞ்சேரியே இல்லை," என்றார் அவர், துக்க வீட்டுக் குரலில். "எங்கே ப்ரோ என் சுவர்?"

"உள்ளேதான் சார் இருக்கு. பெயின்டுக்கு அடியிலே," என்றேன் நான்.

மாமி அடுப்படிக்குப் போயிருந்த நேரம். கௌதமின் உதவியாள் பையிலிருந்து பட்டி பார்க்கிற பிளேடை எடுத்தான். ஆனால் அவன் வெளியூர்க்காரன், யார் வீட்டிலோ கை வைக்கக் கூச்சப்பட்டு நின்றான். நான்தான் அசல் மண்ணுக்காரன் ஆயிற்றே, எனக்கென்ன கூச்சம்? பிளேடை வாங்கி, கதவோரச் சுவரில் வைத்து இழுத்தேன். ரோஸ் தோல் உரிந்து என் வெள்ளைச் சட்டையில் ஒட்டியது. அடியில் பழைய பாசி நிறம் தெரிந்தது. கௌதம் பெருமூச்சு விட்டார். இன்னும் ஒரு முழம் இழுத்தேன்.

பின்னால் கண்ணாடி டம்ளர்கள் குலுங்கும் சத்தம் கேட்டது. எலுமிச்சை ஜூஸ் தட்டோடு மாமி நின்றுகொண்டிருந்தார்.

"எடா, என்ன செய்யறே நீ?"

"இல்லை மாமி... பழைய சுவர் கொஞ்சம் தெரிஞ்சா..."

"அந்தப் பழைய சுவர் ஓதத்துலதானே உங்க மாமா மழை வந்தா மூச்சு இழுத்து இழுத்துக் கிடக்கறாரு? எத்தனை வருஷமா அடிக்கணும் அடிக்கணும்னு இருந்தோம். நீ ஆளுகளைக் கூட்டிட்டு வர்றேன்னுதானேடா அடிச்சது!"

மாமா இருமினார். வேண்டுமென்று இருமியதல்ல, பெயின்ட் வாசனை.

கௌதம் கைகூப்பினார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. எங்களுக்கு நிஜமான மட்டாஞ்சேரி வேணும். அதான்."

"பின்னெ நாங்க இருக்கிறது எங்கே? இடப்பள்ளியிலா?"

"ஏன் இடப்பள்ளி?" என்றார் கௌதம், ஒன்றும் விளங்காமல்.

"இவன் வீடு அங்கேதானே! ரெண்டு வயசுலெ போனவன். பெருநாளைக்கு வருவான், பிரியாணி தின்னுவான், போவான். இன்னிக்கு வீடுகூடத் தெரியாம சந்துலெ அங்கேயும் இங்கேயும் சுத்தித் திரிஞ்சான், கண்டீங்கல்லே?"

கேமராக்காரன் சிரித்தான். விளக்குப் பிடிக்கிறவன் சிரித்தான். கடைசியில் மாமாவும் சிரித்து, சிரிப்பு இருமலாக மாறியது. நான் கையில் பிளேடோடும் சட்டையில் ரோஸ் தோலோடும் நின்றேன். பூமி பிளந்து உள்ளே போகலாம் என்றால், மட்டாஞ்சேரியில் ஒரு அடி தோண்டினால் தண்ணீர்.

"சுவரைச் சுரண்ட வேணும்னா சுரண்டட்டும்," என்றார் மாமி. "ஆனா முதல்லெ இந்த ரூம்லெ ஒரு மழைக்காலம் கிடக்கட்டும். பிறகு வந்து சுரண்டட்டும். இப்போ எல்லாரும் கை கழுவுங்க, சோறு ஆறுது."

சாப்பிட்டார்கள். கௌதம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டு, "இதுதான் ப்ரோ அசல் மட்டாஞ்சேரி ருசி!" என்று கண்ணை மூடினார். பெயின்ட் அடித்த கையால் சமைக்க முடியாமல் அது எர்ணாகுளத்துச் சமையல்காரப் பண்டாரியிடம் சொல்லி வைத்து வரவழைத்த பிரியாணி. மாமா என் காதில் இதைச் சொன்னார். நான் யாரிடமும் சொல்லவில்லை, அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

விளம்பரத்தை இரண்டு சந்து தள்ளி ஒரு காபிக்கடையில் எடுத்தார்கள். அந்தக் கடை அப்போதுதான் புதிதாகத் திறந்திருந்தது. சுவர் பழசாகத் தெரிவதற்காக திருச்சூரிலிருந்து ஆள் வரவழைத்துக் காசு கொடுத்துக் காரையைப் பெயர்த்திருந்தார்கள். நிஜமான அம்மாவாக நடித்தவர் திருப்பூணித்துறையிலிருந்து ஏசி காரில் வந்தார். தலையில் துணியை எப்படிப் போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க என் மாமியையே கூட்டிப் போனார்கள். மாமியும் போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

என் வேலை போயிற்று. நான் மட்டாஞ்சேரிக்காரன் என்று பொய் சொன்னதற்காகப் போயிருந்தால் மனசு ஆறியிருக்கும். முதலாளி சொன்ன காரணம் வேறு: "அன்வரின் மாமி வீட்டில் மட்டாஞ்சேரி போதவில்லையாம்." பெண் வீட்டார் பெரிய மனசு பண்ணி இன்னும் ஆறு மாதம் காத்திருந்தார்கள். நான் இடப்பள்ளியிலேயே, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், வேறு வேலை தேடிக்கொண்டேன்.

விளம்பரம் டிவியில் வந்த அன்று நாங்கள் எல்லாரும் மாமி வீட்டில்தான் இருந்தோம். பெயர்ந்த சுவருக்கு முன்னால் அந்த நடிகை சோகமாக மசாலா அரைத்தார். மாமி பார்த்துக்கொண்டே இருந்தார். கண் நிறைந்துவிட்டது.

"பாவம், இவளுக்கு ஆளே இல்லையா?" என்றார். "சுவருக்கு ஒரு கோட்டு அடிச்சுக் கொடுக்க?"

அந்த வீட்டுக்கு இப்போது வருஷம் தவறாமல் மழைக்கு முன் பெயின்ட் அடிக்கிறார்கள். ரோஸ் போய் நீலம் வந்தது, நீலம் போய் இப்போது மஞ்சள். ஆனால் கதவோரத்தில், செருப்பு விடுகிற இடத்துக்கு மேலே, நான் சுரண்டிய அந்த ஒரு முழத்தை மட்டும் மாமி யாரையும் தொட விடுவதில்லை. கல்யாணமாகி என் மனைவி முதன்முதலாக விருந்துக்கு வந்தபோது, அவள் செருப்பைக் கழற்றும் முன்பே மாமி கையைப் பிடித்து அங்கே நிறுத்தினார்.

"உன் மாப்பிள்ளையோட அத்தா இந்த வீட்டுலெ பங்கே வேணாம்னு போயிட்டாரு," என்றார். "ஆனா நாங்க அப்படி விட்டுருவமா? இது அன்வரோட பங்கு. இவ்வளவுதான் மட்டாஞ்சேரி இவனுக்கு. நல்லாப் பார்த்துக்கோ."