அச்சில் வந்த சாலை

ஆலப்பாக்கம் தாண்டியதும் சாலையின் குறுக்கே வந்த வெள்ளை ஆடுகளைப் பொன்னுரங்கம் எண்ணிப் பார்த்தார். பதினொன்று. பன்னிரண்டாவதாக, பின்னங்காலில் துணி கட்டிய கறுப்புக் குட்டி ஒன்று வந்தது. அவர் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

ஏனென்றால் அந்தப் பதினோரு ஆடுகளையும், காலில் கட்டுப்போட்ட குட்டியையும் நான்கு நாட்களுக்கு முன் கடலூரில், தன் வீட்டு மொட்டைமாடியில் முறுக்கைக் கடித்துக்கொண்டே அவர்தான் கற்பனை செய்து எழுதியிருந்தார்.

பொன்னுரங்கம் ஒரு மோட்டார் மாத இதழில் ‘ஓட்டிப் பார்த்தோம்’ பகுதி எழுதுகிறவர். ஜப்பான்காரன் அடியோடு மாற்றிச் செய்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்தது. வரவில்லை. புதன்கிழமை பக்கத்தை முடித்தாக வேண்டும். ஓட்டாமலே ஓட்டியதாக எழுதிக் கொடுத்துவிட்டார். முன்பும் ஒரு முறை இதே வேலையைச் செய்து ஆசிரியர் பிரிசில்லாவிடம் மாட்டியிருக்கிறார். இருபத்திரண்டு வருஷத்தில் ‘திருத்தம்’ என்று ஒரு வரிகூடப் போட்டதில்லை என்பது அந்தம்மாவின் பெருமை.

“இன்னொரு தடவ ஓட்டாம எழுதுனீங்கன்னா அதுதான் கடைசி” என்று அப்போதே சொல்லியிருந்தார். கல்லூரியில் படிக்கும் மகள் இலக்கியாவை வைத்துக்கொண்டு, தலை நரைத்த வயதில் வேறு வேலைக்கு எங்கே போவது?

சனிக்கிழமை காலையில் கார் வந்தது. திங்கட்கிழமை இதழ் கடைக்கு வருவதற்குள் சிதம்பரம் வரை ஓட்டிவிட்டால் பொய் மெய்யாகிவிடும் என்று யாரிடமும் சொல்லாமல் கிளம்பினார். மெய்யாகத்தான் ஆகிக்கொண்டிருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

ஆட்டுக்காரர் இவர் பக்கம் திரும்பவே இல்லை. ஆடுகள் போனபின் அத்தனை பெரிய சாலையில் ஒரு லாரிகூட இல்லை.

கார் என்னவோ அருமையான கார். உட்கார்ந்தால் தரைக்கும் இவருக்கும் ஒரு சாண்தான். மணிக்கட்டை அசைத்தாலே கியர் விழுந்தது. பழைய மாடலை ஒரே ஒரு தடவை நிஜமாகவே ஓட்டியிருக்கிறார். அதில் ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பு வரை வந்து விசாரித்துவிட்டுப் போகும். இதில் பள்ளம் வந்ததே தெரியவில்லை. கடலூர்ச் சாலையில் போகிறவனுக்குப் பள்ளம் தெரியவில்லையென்றால் அவன் உயிரோடு இருக்கிறானா என்றே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்தது புதுச்சத்திரம். அங்கே ஒரு மீசைக்காரர் டீ கிளாஸைத் தூக்கிக் காட்டிப் பாராட்டியதாக எழுதியிருந்தார். நிற்காமல் போய்விடலாம் என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வேகத்தைக் கூட்டினார். முன்னால் ஒரு டவுன் பஸ் நின்றுவிட்டது. டீக்கடையிலிருந்து ஒரு மீசைக்காரர் நேராக இவரிடம் வந்தார். கிளாஸைத் தூக்கினார்.

“ஜப்பான்காரன் ஜப்பான்காரன்தாம்பா” என்று, மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிறவரைப் போலக் கண்ணை மேலே உருட்டிச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

அப்போதுதான் பொன்னுரங்கத்துக்குக் கட்டுரையின் கடைசி வரி ஞாபகம் வந்தது. சிதம்பரம் கீழவீதித் தேரடியில் கார் நின்றதாக எழுதி, முத்தாய்ப்பாக ஒன்று சேர்த்திருந்தார்: ‘இதுவே என் கடைசிப் பயணமாக இருந்தாலும் சம்மதம்.’ எழுதும்போது அழகாகத்தான் இருந்தது.

ஓரமாக நிறுத்திப் பிரிசில்லாவுக்குப் போன் போட்டார். கடைசி வரியில் சின்னதாக ஒரு மாற்றம் என்று குழைந்தார்.

“அச்சாயிடுச்சு பொன்னுரங்கம்.”

எங்கே இருக்கிறீர்கள் என்று அந்தம்மா கேட்டார். சொந்த வேலையாகப் பஸ்ஸில் சிதம்பரம் போவதாக இவர் புளுகினார். எந்த வழியாக என்று கேட்டார். எழுதின சாலையை அடுத்த திருப்பத்திலேயே விட்டுவிடுவது என்று முடிவெடுத்திருந்ததால், பி.முட்லூரில் திரும்பிப் புவனகிரி, கீரப்பாளையம் வழியாக என்று உண்மையையே சொல்லிவிட்டார்.

“பாத்துப் போங்க” என்றார். அந்தக் குரலில் அப்படியொரு கனிவை அவர் அதுவரை கேட்டதில்லை.

புவனகிரி தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். எழுதாத சாலை. மிதித்தார். என்ஜின் தொண்டையைத் திறந்து பாடியது. வளைவில் கார் தரையை விடாமல் பிடித்துக்கொண்டு திரும்பியது. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு வண்டியைப் பற்றி உண்மையாக எழுத வேண்டும் என்று ஆசை வந்தது. அந்தச் சந்தோஷம் கீரப்பாளையம் வரைதான்.

அங்கே பச்சைக் குடை பிடித்த ஒரு பெண்மணி நடுரோட்டில் நின்று கையைக் காட்டினார். கட்டுரைப்படி அந்த அம்மாள் பி.முட்லூரில் நிற்க வேண்டியவர்.

“உள்ள ஏசி ஜாஸ்தியா இருக்குமா?” என்று கேட்டார். அதே கேள்வி. அவர் எழுதாதது ஒன்றுதான்: அந்த அம்மாளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

கட்டுரை தன்னைத் துரத்திக்கொண்டு வருகிறது என்பதில் பொன்னுரங்கத்துக்கு இனிச் சந்தேகமில்லை. தேரடிக்கு மட்டும் போகக்கூடாது என்று சிதம்பரத்தில் மேலவீதிப் பக்கம் திருப்பினார். அங்கே ஒரு போலீஸ்காரர், பள்ளம் தோண்டியிருப்பதாகச் சொல்லி வண்டிகளையெல்லாம் கீழவீதிக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார். தேரடி வந்ததும் கார் நெரிசலில் நின்றது. காலையில் இலக்கியா தோசை சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாளே, அவளிடம் ஒரு வார்த்தை நல்லபடியாகப் பேசியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டார்.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். சிதம்பரத்தில் இதழ் போடும் ஏஜெண்ட் அருள்முருகன், கையில் ஒரு பழுப்புக் கவருடன் நின்றிருந்தார்.

“அருளு, நான் உயிரோடதான இருக்கேன்?” என்றார் பொன்னுரங்கம்.

“அதெல்லாம் நல்லாதான் இருக்கீங்க சார். கார் இன்னைக்குத்தான் வருது, வந்ததும் எழுதுன வழியிலயே ஓட்டிப் பாப்பீங்கன்னு தெரிஞ்சதும், அச்சானத மாத்த முடியாது, பொய்யும் வரக்கூடாதுன்னு ஆடு, டீ, குடைன்னு எடிட்டரம்மா வழியெல்லாம் ஆள நிறுத்தி நீங்க எழுதுனத நெசமாக்கிட்டாங்க; கடைசி வரி மட்டுந்தான் பாக்கி, அதுக்குத்தான் இந்தக் கவர்.”