அம்பாசடர் திருப்பிக் கொடுத்த கஞ்சிப் பாத்திரம்

உலகத்தில் எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லாத ஒரே பிறவி எங்கள் அம்பாசடர்தான். மாத்தளையில் ஹாஜியார் வீட்டு மாடி அறையில் என்னோடு தங்கியிருந்து என் உயிரை வாங்கியவன். வெளிநாட்டுச் சேவைப் பரீட்சையில் பாஸ் பண்ணிவிட்டான்; அதனால் வந்த பட்டப்பெயர்தான் அம்பாசடர். கொழும்பில் பயிற்சி தொடங்க இன்னும் சில வாரங்கள் இருந்தன. அதுவரை பொறுக்குமா? என்மேலேயே தொடங்கிவிட்டான்.

"டீ குடிக்கிறியா மச்சான்?"

"உன் அழைப்ப வரவேற்கிறேன். பரிசீலிச்சு சொல்றேன்."

பரிசீலித்து முடிப்பதற்குள் வாங்கி வந்த டீ ஆறிவிடும். அதற்கும் என்னைத்தான் குறை சொல்வான். தேங்காய் ரொட்டியைக் கத்தியும் முள்ளுக்கரண்டியும் வைத்துத்தான் சாப்பிடுவான். ஒரு நாள் காய்ந்த ரொட்டி துள்ளி, சம்பலோடு வந்து, நான் ஆபீசுக்கு அயர்ன் பண்ணி வைத்திருந்த சட்டையில் இறங்கியது. மன்னிப்புக் கேட்டானா? நடந்த சம்பவத்துக்கு ஆழ்ந்த கவலை தெரிவித்தான்.

அதையும் சகித்தேன். சகிக்க முடியாதது நோன்பு மாதத்தில் நடந்தது. ஹாஜியார் வீட்டில் ஒரே சட்டம், அறையில் சமைக்கக் கூடாது. நாங்கள் ரைஸ் குக்கரைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்துப் பிழைத்தோம். மாட்டினால் அறை போய்விடும். பிறகு இரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நான் தினமும் பஸ்ஸில் இடிபட்டு வேலைக்கு வர வேண்டியதுதான்.

ஹாஜியார் ஒரு நாள் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினார். மறுநாள் வேலை முடிந்து வந்தால், இந்த மகாராசன் அதே பாத்திரம் நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு கீழே ஹாஜியார் முன்னால் நிற்கிறான். ஆவி பறக்கிறது!

"பாத்திரத்த வெறுமனே திருப்பிக் குடுக்க மாட்டோங்க ஹாஜியார். எங்க தோட்டத்துப் பழக்கம்."

"நல்ல பழக்கம் மகன். இத எங்க சமைச்ச?"

"அத உறுதிப்படுத்தவும் மாட்டேன், மறுக்கவும் மாட்டேங்க."

ஹாஜியார் படியேறி வந்து கட்டிலுக்கடியில் குனிந்தார். குக்கர் இன்னும் சூடாக இருந்தது. இரண்டு பேரையும் மாதக் கடைசியில் காலி பண்ணச் சொல்லிவிட்டார். நான் அம்பாசடரோடு பேச்சை நிறுத்தினேன்.

அவன் கொழும்புக்குப் புறப்பட்டுப் போன அன்று ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க இருங்க தம்பி. அந்தப் புள்ள எல்லாத்தயும் ஒத்துக்கிட்டான். குக்கர் அவன்டதாம். சமைச்சதும் அவன்தானாம். உங்களுக்கு ஒண்ணும் தெரியாதாம்."

"ஆமான்னு சொன்னானா?"

"ஆமான்னுதான் சொன்னான். ரெண்டு தரம்."

குக்கர் என்னுடையது. அதையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான், பாவி.

நோன்பு முடிவதற்குள் இன்னொரு நாள் கஞ்சி வந்தது. குடித்துவிட்டுப் பாத்திரத்தைக் கழுவினேன். அப்படியே கொண்டுபோய்க் கொடுக்க மனம் வரவில்லை. கடைக்குப் போய்ப் பேரீச்சம்பழம் வாங்கி, பாத்திரம் நிறையக் கொண்டுபோனேன். அவன் இல்லாமல் அறை கொஞ்சங்கூட நன்றாக இல்லை.