இறந்தவனுக்கு ஞாபகம் இருக்கக் கூடாதாம்

ராஜபாளையம்,
வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் மிகுந்த மரியாதைக்குரிய சம்பந்தி திரு. ஞானரத்தினம் அவர்கள் சமூகத்துக்கு அருளப்பன் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் மனைவி பரிபூரணமும் தேவ கிருபையால் சுகம். அவ்விடம் தங்கள் முழங்கால் வலியும் சம்பந்தியம்மாவின் சர்க்கரையும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். ஒரே பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து இறங்கி நேரில் சொல்லக்கூடியதை எதற்கு எழுதிக்கொண்டிருக்கிறான் என்று தாங்கள் நினைக்கலாம். நேரில் சொல்லத்தான் இரண்டு முறை வந்தேன். முதல் முறை தாங்கள் பால்கோவா கொடுத்தீர்கள், சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை சபைக் கட்டடத்தின் ஒழுகலைப் பற்றிப் பேசினீர்கள், அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். தங்கள் எதிரில் உட்கார்ந்தால் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பையனைப் போல் ஆகிவிடுகிறேன். நெடுநாள் தலைமை ஆசிரியராக இருந்தவர்களின் பார்வை அப்படி. ஆகவே கடிதம்.

விஷயம் தங்கள் இளைய குமாரன் ஜெர்வின் தம்பியைப் பற்றியது. கோள் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். எண்ணினாலும் தவறில்லை, எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது.

தம்பி கம்ப்யூட்டரில் செண்பகபுரி என்று ஓர் ஊரை உண்டாக்கி நடத்திவருவது தங்களுக்குத் தெரிந்திருக்கும். அது விளையாட்டுத்தான், ஆனால் அதில் ஜெயிப்பதும் தோற்பதும் கிடையாது. ஆளுக்கொரு வேடம். ஒருவர் டீக்கடை போடுகிறார், ஒருவர் வக்கீல், ஒருவர் திருடர். மைக்கை மாட்டிக்கொண்டு, எடுத்த வேடத்துக்குத் தக்கபடி பேசிக்கொண்டு வாழ வேண்டும், அவ்வளவுதான். ஊரை நடத்துகிறவர்களுக்கு ஸ்டாஃப் என்று பெயர், மற்றவர்களெல்லாம் பிளேயர். கனடாவிலிருந்து மாப்பிள்ளை ஜோவும் என் மகள் ஆஷிகாவும் அதில் இருக்கிறார்கள். ஆஷிகாதான் என்னையும் சேரச் சொன்னாள். சேருமுன் விதிமுறைகளைப் படிக்க வேண்டும் என்றார்கள். அச்செடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டேன். ஜெராக்ஸ் கடைக்காரர், இந்த வயசில் எந்தப் பரீட்சைக்கு சார் என்று கேட்டார். சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டு முழுதும் படித்து முடித்தேன். அதை முழுதும் படித்த ஒரே ஆள் நான்தான் என்று பிற்பாடு தெரிந்தது. எழுதியவர்களே படிக்கவில்லையாம்.

மில் டைம் ஆபீசில் வாழ்நாளெல்லாம் அடுத்தவர் தாமதத்தைக் குறித்துக்கொண்டிருந்தவன் என்பதால் டவுன் பஸ் டிரைவர் வேலை கேட்டேன், கொடுத்தார்கள். வேடப்பெயர் கண்ணுச்சாமி. நிஜத்தில் நான் சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியதில்லை. செண்பகபுரியில் சிவப்பு விளக்குக்கு நிற்கும் ஒரே வண்டி என்னுடையது. முதல் நாள் பின்னால் வந்தவர்கள் வண்டி மக்கர் பண்ணுகிறது என்று நினைத்து, இறங்கி வந்து தள்ளினார்கள்.

ஞாயிறு சாயங்காலம் ஆஷிகா காய்கறிச் சந்தை நிறுத்தத்தில் ஏறுவாள். போனில் கூப்பிட்டால், "நல்லாருக்கேன்ப்பா, அம்மாட்ட குடுங்க" என்பதோடு சரி. பஸ்ஸில் அப்படியில்லை. என் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்து, அங்கே பனி வெட்டிப் போடுவதையும், ஆபீசில் தன் பெயரைத் தப்பாகக் கூப்பிடுவதையும், தூக்கம் வராததையும் கடைசி நிறுத்தம் வரை சொல்லிக்கொண்டே வருவாள். டிரைவர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது விதி. நானும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வேன். கல்யாணமாகிப் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் இவ்வளவு பேசியது அந்த பஸ்ஸில்தான். (தங்கள் குமாரனைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை என்பதை இங்கே தெளிவுபடுத்திவிடுகிறேன்.)

இனி குறைகள். ஸ்டாஃபுக்குப் பறக்கும் வசதி உண்டு, ஊரை மேற்பார்வையிடுவதற்கு என்று விதியில் இருக்கிறது. அவர்கள் பரோட்டா கடைக்குப் பறக்கிறார்கள். பிளேயர் வேகமாகப் போனால் அபராதம், ஸ்டாஃப் வேகமாகப் போனால் சோதனை ஓட்டம். பிளேயர் கடையைக் கொள்ளையடித்தால் ஜெயில், ஸ்டாஃப் கொள்ளையடித்தால் அதற்கு விசேஷ நிகழ்ச்சி என்று பெயர், நாங்கள் சுற்றி நின்று கைதட்ட வேண்டும். இவர்களுக்கெல்லாம் தலைவர் டி.எஸ்.பி. லிங்கேஸ்வரன். குரலை மாற்றும் கருவி போட்டுக்கொண்டு, தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் பேசுவார். ஓனர் வீட்டு ஆள் என்று ஊரில் பேச்சு, ஓனர் ஜெர்வின் தம்பி, ஆகவே டி.எஸ்.பி.யும் தம்பியே என்று கணக்குப் போட்டேன். ஆனால் வெளியே தெரிந்துகொண்டதை உள்ளே பயன்படுத்தக் கூடாது என்று இன்னொரு விதி இருப்பதால் வாய் திறக்கவில்லை. போன மாதம் தங்கள் வீட்டில் தம்பி "வாங்க மாமா" என்று நாற்காலி எடுத்துப் போட்டபோது என்னால் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. முந்தின நாள்தான், "ஏலே டிரைவரு, லைசென்ஸ எடுலே" என்று கேட்டிருந்தார். லைசென்ஸைக் காட்டினேன். காட்டிய விதம் சரியில்லை என்று நடுரோட்டில் முட்டி போட வைத்தார். "கையக் கட்டிப் பேசு" என்றார். அந்த விளையாட்டில் கையைக் கட்ட எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தேடி எடுத்துக் கட்டினேன். இந்தக் கண்டிப்பெல்லாம் தங்கள் வளர்ப்பு என்று உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன் நான் வழக்கம்போல் சிவப்பு விளக்குக்கு நின்றுகொண்டிருக்கையில் டி.எஸ்.பி. மஞ்சள் காரில் வந்து பஸ்ஸின் மேல் ஏற்றிவிட்டார். நான் இறந்துவிட்டேன். இறந்தால் ஆஸ்பத்திரி வாசலில் எழுந்து நிற்க வேண்டும், எழுந்தேன். வந்து பார்த்தால் பஸ்ஸைக் காணோம். ஸ்டாஃப் எல்லாரும் அதில் ஏறிக்கொண்டு செண்பகத்தோப்பு செக்போஸ்டைத் தாண்டிப் பிக்னிக் போயிருந்தார்கள். இதில் புது ஜென்ம விதி என்று ஒன்று வருகிறது. பழிவாங்கிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக, செத்து எழுந்தவன் எப்படிச் செத்தோம், யார் கொன்றார் என்பதை மறந்துவிட வேண்டும் என்பது அதன் சாரம். ஞானஸ்நானம் பெற்றவனுக்கு ஜென்மம் ஒன்றுதானே என்று எனக்கு ஒரே உறுத்தல். போதகரிடம் மெதுவாக, மரித்து எழுந்தவனுக்குத் தன்னைக் கொன்றவரை ஞாபகம் இருக்கலாமா ஐயா என்று கேட்டேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து, குடும்ப சமாதானத்துக்காக நீண்ட ஜெபம் செய்தார். ஜெபம் முழுக்கப் பரிபூரணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு புகார் கொடுப்பது எப்படி என்று ஸ்டாஃபில் ஒருவரைக் கேட்டேன். "டிக்கெட் போடுங்க பெருசு" என்றார். நான் டிரைவர், டிக்கெட் போடுவது கண்டக்டர் வேலை என்றேன். சிரித்தார். நம் பக்கத்தில் ஒருவன் டிக்கெட் வாங்கிவிட்டான் என்றால் செத்துப்போனான் என்று அர்த்தம், அதை நான் ஏற்கெனவே வாங்கியாயிற்றே, இன்னொன்று எதற்கு என்று குழம்பினேன். இவர்கள் பாஷையில் டிக்கெட் என்றால் மனு என்று பொறவுதான் விளங்கிற்று. மனுவைத் திருத்தமாக எழுதி, விதி எண்களை மேற்கோள் காட்டி அனுப்பினேன். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். போனால் நீதிபதி இருக்கையில் டி.எஸ்.பி. உட்கார்ந்திருந்தார். பிலாத்துகூடக் கையைக் கழுவினான் சம்பந்தி. இங்கே அதற்குத் தண்ணீரும் வைக்கவில்லை.

"ஏலே கண்ணுச்சாமி, ஒன்னக் கொன்னது யாரு?"

தாங்கள்தான் ஐயா என்றேன், கையைக் கட்டிக்கொண்டு.

"செத்தவனுக்கு அது எப்படிலே ஞாபகம் இருக்கும்? ஞாபகம் இருக்குன்னா நீ சாகல. சாகலைன்னா கொலையே நடக்கல, நீ குடுத்தது பொய்ப் புகாரு. செத்தேங்கியா, அப்ப ஞாபகம் வச்சிருந்தது குத்தம். ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு."

நான் எம்.ஏ. வரை படித்தவன். இதில் எங்கே தப்பு இருக்கிறது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை. நான் யோசித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து அவர், "முழிக்கதப் பாரு. நாளைக்கு வரும்போது ஒங்கப்பாவக் கூட்டிட்டு வா" என்றார். என் தகப்பனார் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாகி வெகுகாலம் ஆயிற்று. அவரைக் கூட்டி வந்தால் அவருக்கும் புது ஜென்ம விதி பொருந்துமா என்று ஒரு சந்தேகத்துக்காகத்தான் கேட்டேன். நக்கல் செய்கிறேன் என்று எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் ஊருக்குள் வரத் தடை போட்டுவிட்டார். நக்கல் செய்யும் சாமர்த்தியம் எனக்கு உண்டா என்பது தங்களுக்குத் தெரியும்.

போன ஞாயிறு ஆஷிகா சந்தை நிறுத்தத்தில் ரொம்ப நேரம் நின்றிருக்கிறாள். அப்புறம் போனில் கூப்பிட்டு, "பஸ் வரலியேப்பா" என்றாள். தடை போட்டது அவள் கொழுந்தன் என்று நான் எப்படிச் சொல்ல? வண்டி ஒர்க் ஷாப்பில் நிற்கிறது என்று சொன்னேன். அங்கே தூக்கம் வருகிறதா என்று கேட்டேன். "நல்லாருக்கேன்ப்பா, அம்மாட்ட குடுங்க" என்றாள்.

பரிபூரணத்திடம் நியாயம் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, "அவுக மாப்பிள்ளை வீட்டுக்காரவுக. கல்யாணப் பந்தியில மொத எலை அவுகளுக்குத்தான போட்டோம்? வெளையாட்டுல மட்டும் நமக்கா போடுவாக?" என்றாள். இதைத் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். இந்த வரியை அடித்துவிடலாம் என்றால் பக்கம் அசிங்கமாகிவிடும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்டாஃப் மேல் வரும் புகாரை அந்த ஸ்டாஃபே விசாரிக்கக் கூடாது, அவ்வளவுதான். நாளெல்லாம் யோசித்ததில், இதைப் பாரபட்சமில்லாமல் விசாரிக்கக்கூடிய ஒரே ஆள் தாங்கள்தான் என்று பட்டது. தகப்பன் என்ற முறையில் தம்பியைக் கூப்பிட்டுக் கண்டியுங்கள். பிரம்பெல்லாம் வேண்டாம், செத்த நேரம் முட்டி போட வைத்தால் போதும். பறக்கும் வசதி வந்தவுடன் தரையில் நிற்கிறவன் தலை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது என்று என் பெயரைச் சொல்லாமல் சொல்லுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் ஸ்தோத்திரம். தங்கள் வீட்டு எண்ணெயும் மாவும் குறைவுபடாதிருப்பதாக. ஜெர்வின் தம்பிக்கும், மேற்கண்டவை ஒருபுறமிருக்க, என் மனப்பூர்வமான ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த சம்பந்தி,
த. அருளப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு இதைத் தனித் தாளில் எழுதுகிறேன். ஏதோ சாமான் வாங்க ராஜபாளையம் வந்த ஜெர்வின் தம்பி வீட்டுக்குள் நுழைந்தார், கடிதத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொன்னார். மறைக்கத் தெரியாமல் டி.எஸ்.பி. விஷயத்தை உளறிவிட்டேன். "ஐயையோ மாமா, அது நான் இல்ல, எங்கப்பா" என்றார். "ரிட்டயர் ஆனதுல இருந்து வீட்டுல எல்லாத்தையும் அதட்டிக்கிட்டே இருந்தாக. அம்மாவால தாங்க முடியல. சரி, இந்த ஊர அதட்டுங்கன்னு குடுத்துட்டேன். டிரைவரு நீங்கன்னு அவுகளுக்குத் தெரியாது மாமா." ஆக, இந்தப் புகாரையும் தாங்களே விசாரிக்கும்படி ஆகிவிட்டது. தங்களுக்கு முழங்கால் வலி என்பது நினைவிருக்கிறது, முட்டி போடும் வரியை நீக்கிவிட்டுப் படிக்கவும்.

கிழித்துவிடலாம் என்று உறையைக் கையில் எடுத்தேன். ஞாயிறு வருகிறது என்ற நினைப்பு வந்தது, கீழே வைத்துவிட்டேன். ஆகவே விதிப்படி ஒரு முடிவு செய்திருக்கிறேன். இக்கடிதத்தை எழுதிய அருளப்பன் கையெழுத்துப் போட்டவுடன் இறந்துவிட்டான். இப்போது தங்களுக்கு ஸ்தோத்திரம் சொல்கிறவன் புதியவன். மஞ்சள் கார் யாருடையது, கொன்றது யார், ஒன்றும் அவனுக்கு ஞாபகமில்லை. ஞாயிறு சாயங்காலம் காய்கறிச் சந்தை நிறுத்தத்தில் ஒரு பெண் பஸ்ஸுக்குக் காத்து நிற்பாள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அது விதிமீறல்தான். தண்டனையைத் திங்கட்கிழமை முதல் வைத்துக்கொள்ளவும்.