திரையரங்கில் வாத்து இறகு பெய்த மதியம்

ஒரு பொருளை வாங்குமுன், அல்லது செய்யுமுன், அதைப் பயன்படுத்தப்போகிறவரிடம் அவருடைய தேவையைக் கேட்டறிய வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த கொள்முதல் பிரிவின் முதல் விதி இது. இந்த ஒரே விதியைக் காட்டி, ஓய்வு பெறும்வரை எத்தனையோ பேருடைய விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். (அவர்களில் சிலர் இன்றும் சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் என்னைக் கண்டால் மீன் கடைப் பக்கம் திரும்பிவிடுவார்கள்.) என் வாழ்க்கையின் மிக முக்கியமான பொருளைச் செய்தபோது மட்டும் அந்த விதி எனக்கு நினைவு வரவில்லை. காதலிப்பவருக்கு விலக்கு உண்டு என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. நானாக எடுத்துக்கொண்ட சலுகை அது.

எழுபதுகளின் பிற்பகுதி. எங்கள் மாதா கோயில் இளையர் குழு, டிசம்பர் பள்ளி விடுமுறையில் மலேசியாவின் கேமரன் மலையில் கூடாரம் போட்டுத் தங்கத் திட்டமிட்டிருந்தது. அந்தக் குழுவில் நான் மனத்துக்குள் காதலித்த ரெஜினா, தொடக்கப்பள்ளி ஆசிரியை. கோயில் பாடகர் குழுவில் முதல் வரிசை. அம்மா இல்லாமல் ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. இந்தப் பயணத்துக்காக மாதக்கணக்கில் அம்மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும், கோயில் வாசலிலேயே அவள் அம்மா தன் கடைசி ஆட்சேபத்தை வெளியிட்டார்.

“அங்க குளிர் எப்படி இருக்கும் தெரியுமாலா? வீட்டுக் கம்பளி ஒரு ஆள் கனம். அதைத் தூக்கிட்டு மலை ஏறுவாளா?”

பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறந்தேன். “கவலைப்படாதீங்க ஆன்ட்டி. கனமே இல்லாத போர்வை ஒண்ணு நானே தைச்சுத் தர்றேன்.”

ரெஜினா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்காக நான் கூடாரத்தையே தைத்துக் கொடுத்திருப்பேன். (அதுவரை நான் தைத்தது சட்டைப் பொத்தான் மட்டும். அதுவும் அடுத்த வாரமே விழுந்துவிட்டது.)

நூலகத்தில் ஒரு வெளிநாட்டு மலையேற்றச் சஞ்சிகையைப் பிடித்தேன். மெல்லிய நைலான் துணி, உள்ளே வாத்தின் மென்மையான அடியிறகு, கட்டம் கட்டமாகத் தையல். எங்கள் ஃபேரர் பார்க் வீட்டில் மெல்லிய நைலான் என்றால் அக்காவின் நைலெக்ஸ் சேலைதான். முழுச் சேலையையும் கைப்பிடிக்குள் அடக்கிவிடலாம். ஆரஞ்சு நிறத்தில் தட்டு தட்டாகப் பூப்போட்டது.

“இதை நானே கட்ட மாட்டேன்னு வச்சிருக்கேன்,” என்றாள் அக்கா. “பாவம்டா, அந்தப் பிள்ளை போர்த்திக்கணுமா?”

இறகுக்குத் தேக்கா சந்தையில் வாத்து விற்கும் சீன அம்மாவிடம் போனேன். இறகு எதற்கென்று மலாயில் கேட்டார். போர்வைக்கு என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். போர்வை வாங்கக்கூட வழியில்லாத பையன் என்று முடிவு செய்திருக்க வேண்டும். இறகு மூட்டைக்குள் இரண்டு வாத்து முட்டைகளையும் வைத்துக் கொடுத்தார். அடியிறகு, சிறகிறகு என்றெல்லாம் பிரிக்கும் அறிவு எனக்கும் இல்லை. சவர்க்காரத்தில் அலசி, தலையணை உறைகளில் கட்டி, சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயவைத்தேன். வாடை போகவில்லை. ஒரு டப்பா முகப்பவுடரைக் கொட்டியதும் பவுடர் போட்ட வாத்தின் வாடை வந்தது.

அக்காவின் தையல் இயந்திரத்தில் கட்டம் கட்டமாகத் தைத்து முடித்தேன். எந்தக் கோடும் நேராகப் போகவில்லை. ஆனால் எடை? ஒற்றை விரலில் தொங்கவிடலாம். அடுத்து, விதிப்படி பரிசோதனை. (இந்த விதி மட்டும் நன்றாக நினைவிருந்தது!) எங்கள் வீட்டில் அதைப் போர்த்திக்கொண்டு படுத்தால் வேர்வையில் மிதந்தேன். சிங்கப்பூரில் அன்று கைகால் விறைக்குமளவு குளிரும் இடம் ஒன்றுதான்: குளிர்சாதனத் திரையரங்கு.

மதியக் காட்சிக்கு ரெஜினாவை அழைத்தேன். அவள் அம்மாவும் வந்தார். நடு இருக்கையில் அமர்ந்தார். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ரெஜினா, மூவர் மடியையும் மூடியபடி ஆரஞ்சுப் பூக்கள். அதற்குள் என்ன இருக்கிறதென்று நான் சொல்லவில்லை.

“எப்படி இருக்கு ஆன்ட்டி?”

“நல்லாத்தான் இருக்கு தம்பி. கதகதன்னு இருக்கு.” கொஞ்ச நேரம் கழித்து, “எங்கேயோ சூப் கொதிக்குது போல,” என்றார்.

இடைவேளை வரை என் வாழ்வின் பொற்காலம். பிறகு படத்தில் கதாநாயகனின் தாய் சாகக் கிடந்தாள். ஆன்ட்டி அழத் தொடங்கினார். கைக்குட்டை தீர்ந்ததும் போர்வையால் கண்ணைத் துடைத்தார். தாய் கடைசியாக மகனை அழைத்தபோது போர்வையை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினார். என் தையல் ‘டர்ர்’ என்றது.

முதலில் ஓர் இறகு எழுந்தது. குளிர்காற்று அதைத் தூக்கிப் படம் காட்டும் ஒளிக்கற்றைக்குள் விட்டது. அதன் பின்னால் அதன் சுற்றமெல்லாம் கிளம்பியது. திரையில் தாயின் மரணப்படுக்கை மேல் நிழல் நிழலாகப் பனி பெய்தது. முன்வரிசைக்காரர்கள் இயக்குநரின் கைவண்ணம் என்று நினைத்து விசிலடித்தார்கள்.

அப்போதுதான் ரெஜினா தும்மினாள். ஒவ்வொரு தும்மலுக்கும் ஒரு கட்டம் காலியாயிற்று. ஒவ்வொரு கட்டமும் அடுத்த தும்மலைக் கொண்டுவந்தது.

கைவிளக்கோடு ஊழியர் ஓடிவந்தார். “யாருலா உள்ள உக்காந்து கோழி புடுங்குறது?”

“கோழி இல்லை. வாத்து,” என்றேன். பதிவு சரியாக இருக்க வேண்டுமல்லவா?

விளக்கைப் போட்டார்கள். ஆன்ட்டியின் கொண்டை வெள்ளையாக இருந்தது. ரெஜினாவின் கண்கள் வீங்கிச் சிவந்து, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. வெளியே அழைத்துப்போய்ப் படிக்கட்டில் உட்காரவைத்தோம். மூச்சு சீராகும்வரை ஆன்ட்டி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இவளுக்குச் சின்ன வயசுலேருந்தே இறகு ஆகாது. தெரியுமா தம்பி?”

“தெரியாது ஆன்ட்டி.”

“கேட்டியா?”

எங்கள் முதல் விதியை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த டிசம்பரில் ரெஜினா மலைக்குப் போகவில்லை. குழு ரயில் ஏறிய அன்று கோயிலில் அவள் தனியாகப் பாடப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். நானும் போகவில்லை. அலுவலக முறைப்படி மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒன்று, ஒவ்வாத பொருள்கள் எவை? இரண்டு, எவ்வளவு கனம் தூக்க முடியும்? மூன்று, மேற்படிப் போர்வையோடு அதைத் தைப்பவரையும் ஆயுள் முழுக்க ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?

அங்கேயே படித்தாள். “இறகு, பூனை, முந்திரி. ரெண்டாவதுக்கு, தமிழ்க் கட்டுரை நோட்டு நாப்பது தூக்குவேன். மூணாவதுக்கு டைம் வேணும்.”

“விதிப்படி பதினாலு நாள்தான்…”

“விதி உங்க ஆபீஸ்ல லா.”

பூன் லேயில் பொம்மை செய்யும் தொழிற்சாலையில் செயற்கைப் பஞ்சு வாங்கி, கேட்டுக் கேட்டு இரண்டாவது போர்வை தைத்தேன். ஆன்ட்டி அதைத் திரையரங்குக்குத் தனியாகக் கொண்டுபோய், ஒரு சோகப் படம் முழுக்க முறுக்கிப் பார்த்து ஒப்புதல் தந்தார். மறு டிசம்பர் பயணத்துக்கு ஒரே நிபந்தனை: தானும் வருவார்.

வந்தார். போர்வையையும் தானே எடுத்துக்கொண்டார். (இன்றும் எங்கள் வீட்டில் யாராவது குளிர்சாதனத்தைக் கூட்டினால், “யாருலா கோழி புடுங்குறது?” என்று பேரப்பிள்ளைகள் கத்துவதும், “வாத்து” என்று நான் திருத்துவதும் வழக்கம்.)

கேமரன் மலையில் விடிந்தபோது, நான் கூடார வாசலில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தேன். ஓர் ஆள் கனமுள்ள அந்தப் பழைய கம்பளியைத் தரையில் இழுத்தபடி, பல் கிடுகிடுக்க ரெஜினா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அம்மா போர்வையை விட மாட்டேங்குறாங்க.”

“இன்னொண்ணு தைக்கட்டுமா?” இந்த முறை கேட்டேன்.

“தைங்க.” அடுப்புப் பக்கம் கைகளை நீட்டினாள். “ரெண்டு பேருக்குப் போதுற மாதிரி தைங்க.”

கூடாரத்துக்குள்ளிருந்து ஆன்ட்டியின் குரல் வந்தது: “தம்பி, இறகு வேணாம்!”

மூன்றாவது கேள்வியைக் கொடுத்து ஓராண்டு ஆகியிருந்தது. காலதாமதத்துக்கு விளக்கம் ஏதும் நான் கோரவில்லை. பதில் கிடைத்த நாள்: கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை.