ஸ்கேன் சேலை

என் புத்திசாலித்தனத்தை நம்பி நான் செய்த எந்தக் காரியமும் உருப்பட்டதில்லை. அதற்கு என் அடிவயிறே சாட்சி.

கல்லூரி முடித்துவிட்டு ஏலக்காய் எஸ்டேட்டில் அம்மாவோடு இருந்த வருடம். நான்கு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. முகமெல்லாம் பரு, மோவாயில் நாலைந்து முடி. போடியில் பார்த்த டாக்டரம்மா, "நீர்க்கட்டியா இருக்கலாம், ஸ்கேன் எடுத்துட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. கல்யாணமாகாத பெண் ஸ்கேனுக்குப் போனாள் என்று தெரிந்தால் எஸ்டேட்டில் கதை கட்டிவிடுவார்களே! அதனால் ஜீப்பில் ஏறும்போதே, "சேலை எடுக்கப் போறோம்" என்று எல்லோருக்கும் அறிவித்துவிட்டாள்.

ஸ்கேன் சென்டரில் போனில் சொன்னது இதுதான்: ஒரு மணி நேரம் முன்னால் ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு வர வேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் சினைப்பை தெரியுமாம். ஜீப் மலையிறங்க ஒரு மணி நேரம். கணக்கு சரியாக வந்தது. இறக்கம் தொடங்கும் போடிமெட்டிலேயே ஒன்றரை லிட்டர் குடித்தேன் (அந்த அரை லிட்டர் என் சொந்தச் சரக்கு, படம் தெளிவாக வரட்டுமே என்று).

பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவதில் சிரித்துக்கொண்டிருந்தேன். ஏழாவதில் முருகனைக் கூப்பிட்டேன். பத்தாவதில் டிரைவர் செல்வம் அண்ணன் வண்டியை ஓரங்கட்டி, எதிரே வந்த ஜீப்காரரோடு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"அண்ணே, வெரசா போங்கண்ணே!"

"சேலை என்ன ஓடியா போகுது பாப்பா?"

"சேலை இல்லண்ணே, ஸ்கேனு! கர்ப்பப்பை ஸ்கேனு! என்னால முடியல!" என்று கத்திவிட்டுக் குதித்து, பாறைக்குப் பின்னால் ஓடினேன்.

ஜீப்புக்குத் திரும்பி வந்தேன். அம்மா முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

பின்சீட்டில் இருந்து ராசாத்தி அக்காதான் வாயைத் திறந்தார் (எஸ்டேட்டில் எங்களோடு ஏலக்காய் பறிப்பவர், அம்மா பயந்ததே இவர் வாய்க்குத்தான்).

"நீர்க்கட்டியா ஆத்தா? எனக்கும் அதேதேன். கல்யாணத்துக்கு முன்னாடி நானும் சேலை எடுக்கப் போறேன்னுதேன் வீட்ல சொல்லிட்டுப் போனேன்."

அம்மா முந்தானையை எடுத்தாள். செல்வம் அண்ணன் வண்டியைக் கிளப்பினார்.

சென்டரில் ஸ்கேன் டாக்டர், "பை காலியா இருக்கேம்மா" என்றார். மறுபடியும் ஒரு லிட்டர். ராசாத்தி அக்கா தன் சோலியை விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்தார். கடைசியில் திரையில் சினைப்பை தெரிந்தது, ஓரமெல்லாம் ஜவ்வரிசி போலச் சின்னச் சின்ன வட்டங்களோடு. பேருக்குத்தான் கட்டி, முழுதாக வளராத முட்டைப் பைகள்தான் அவை என்றார்கள். ஸ்கேனை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதென்று ரத்தமும் பார்த்த பிறகுதான் டாக்டரம்மா உறுதி செய்தார். மாத்திரையும் தினமும் நடையும் என்று முடிந்தது.

சொன்ன சொல் பொய்யாகக் கூடாதென்று அம்மா அன்று நிஜமாகவே ஒரு பச்சைச் சேலை எடுத்தாள். வீட்டில் அதற்கு 'ஸ்கேன் சேலை' என்று பெயர். என் நிச்சயதார்த்தத்துக்கும் அதைத்தான் கட்டிக்கொண்டு நின்றாள்.

இன்றும் எங்கள் எஸ்டேட்டுப் பெண் யாராவது, "சேலை எடுக்கப் போறேண்ணே" என்று ஜீப்பில் ஏறினால், செல்வம் அண்ணன் போடி வரைக்கும் வண்டியை எங்கேயும் நிறுத்துவதில்லை.