வின்ச்சு மாமா வாங்கித் தந்த அட்வான்ஸ்

ராயபுரத்தில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் ரகசியம் என்று ஒன்று இருந்ததில்லை. காரணம், வின்ச்சு மாமா.

துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச்சை ஓட்டி ஓட்டி அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. ஊருக்கே காது கேட்காது என்று முடிவுகட்டி, எதையும் கப்பல் மேல்தட்டுக்கு எட்டும்படிதான் பேசுவார். என் மனைவி முழுகாமல் இருக்கும் செய்தியை, பக்கத்துப் போர்ஷன்காரர் ஆயிற்றே என்று அவர் காதருகே சொன்னேன். "அப்டிப் போடு நைனா! மாசமா கீதா?" என்றார். மறுநாள் மீன் சந்தையில் முன்பின் தெரியாத ஒருத்தி எனக்குக் கொசுறு போட்டு, "பாத்து நடக்கச் சொல்லு" என்றாள்.

குழந்தை வருகிறதே என்று திருவொற்றியூரில் குழாய் வைத்த வீடு ஒன்று பார்த்தோம். குடிபோகிற அன்று சாயங்காலத்துக்குள் அங்கே அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும். எங்களுக்கு இருந்ததெல்லாம் பழைய வீட்டு அட்வான்ஸ்தான். அதுவும் வீட்டுக்கார அண்ணாச்சியின் மடியில் இருந்தது.

அண்ணாச்சி அரிசி மண்டி வைத்திருந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். காலி செய்கிறவரைக் காலியான போர்ஷனுக்குள் அழைத்துப் போய், காதோடு காதாகக் குறைகளைச் சொல்லியே அட்வான்ஸைக் கரைத்துவிடுவார். வெளியே வருகிறவர், போனது எப்படி என்று புரியாமல் நன்றி வேறு சொல்லிவிட்டுப் போவார்.

மாட்டுவண்டியில் சாமான் ஏற்றியாயிற்று. நான் உள்ளே போனேன். துணைக்கு மாமாவும் நுழைந்துவிட்டார்.

"சொவத்துல ஆணி அடிச்சிருக்கியளே தம்பி. பூசணும்லா…" என்று அண்ணாச்சி முணுமுணுத்தார்.

"இன்னாது? பூசணியா?" மாமாவின் குரலில் ஜன்னல் அதிர்ந்தது.

"ஆணி… ஆணி" என்றார் அண்ணாச்சி, சற்றே குரலை உயர்த்தி.

"ராணியா! இந்த வூட்ல ராணி எங்கேர்ந்து வந்தா?"

வாசலில் தெருவே கூடிவிட்டது. மீன்கார அஞ்சலை கூடையை இறக்கி வைத்துவிட்டு, "யாரு அண்ணாச்சி அந்த ராணி?" என்று அக்கறையாக விசாரித்தாள். எதிரே தங்கள் வீட்டு மாடியிலிருந்து அண்ணாச்சியின் சம்சாரம் எட்டிப் பார்த்தார்.

அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது. வாழ்நாளில் முதல்முறையாகக் கத்தினார்: "ஆணி வே, ஆணி! சொவத்துல ஆணி அடிச்சதுக்கு அட்வான்ஸ்ல பிடிக்கப் போறேன்!"

வண்டியருகே நின்ற என் மனைவியைப் பார்த்தாள் அஞ்சலை. "புள்ளத்தாச்சிப் பொண்ணு. அதுங்கையில ஆணிக்கா துட்டு புடிக்கிறே?"

வாய்விட்டுச் சொன்ன பிறகு அது அண்ணாச்சிக்கே அற்பமாகக் கேட்டிருக்க வேண்டும். மடியை அவிழ்த்து முழுப் பணத்தையும் என் கையில் வைத்தார். "நல்லபடியாப் பெத்துப் பொழைக்கட்டும்" என்றார், பழையபடி மெல்ல.

"இன்னா சொல்றாரு?" என்றார் மாமா.

"குடுத்துட்டாரு மாமா!"

"குடுக்காம? நல்ல மன்சன்பா அவரு!" என்று தெருவுக்கே அறிவித்தார்.

மகள் பிறந்த சேதி கேட்டு மாமா திருவொற்றியூருக்கு நடந்தே வந்தார். தோளில் கொண்டுவந்த கப்பல் கயிற்றால் உத்தரத்தில் தூளி கட்டிக் கொடுத்தார். அதில் எங்கள் பிள்ளைகள் மூன்று பேரும் தூங்கி வளர்ந்தார்கள். அவர் போட்ட முடிச்சை அவிழ்க்க எங்களுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தாலும் அவிழ்த்திருக்க மாட்டோம்.