நாற்பத்திரண்டாவது விடுதி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஓர் இடத்தில் ஓர் இரவு தங்க வேண்டுமென்றால், அந்தக் கட்டடத்தைப் பற்றி அதைக் கட்டியவருக்குத் தெரிந்ததைவிட எனக்கு அதிகம் தெரிந்தாக வேண்டும். இதற்குப் பெயர் பொறுப்பு என்பது என் கட்சி. என் மனைவி ஸ்டெல்லா இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள். (இங்கே எழுத முடியாது.)

மகன் கெவினுக்குக் கட்டாய ராணுவப் பயிற்சிக்குக் கூப்பிடும் தேசிய சேவைக் கடிதம் வந்த அன்று அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அப்பா, உள்ள போறதுக்கு முன்னாடி மூணு நாள். நீங்க, அம்மா, நான். ஏதாவது ஒரு தீவு, கடல், அவ்ளோதான். எங்கன்னாலும் ஓகே லா."

மூன்று மாதம் இருந்தது. செங்காங் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து எக்செல் பட்டியல் ஒன்று போட்டேன். மொத்தம் நாற்பத்தொரு விடுதிகள். ஒவ்வொன்றுக்கும் மருத்துவமனை எவ்வளவு தூரம், கூரையில் பல்லி உண்டா, கடல் எந்த இடத்தில் ஆழமாகிறது, கட்டில் எவ்வளவு நீளம் என்று கட்டங்கள். (கெவின் ஆறடி ஓர் அங்குலம். பதின்மூன்று வயதிலிருந்தே அவன் கால் கட்டிலுக்கு வெளியேதான் தூங்குகிறது.)

உண்மையைச் சொன்னால், கவலையில் ஆரம்பித்தது ஆர்வமாக மாறிவிட்டது. ஒரு விடுதியில் விடியற்காலையில் சேவல் கூவுகிறது என்று யாரோ ஒரு பெண்மணி எழுதியிருந்தார். சேவல் நிஜமாகவே தொல்லையா, அல்லது இவருக்குக் குறை சொல்வதே வழக்கமா? அவர் மற்ற ஊர்களைப் பற்றி எழுதிய அத்தனை விமர்சனங்களையும் படித்தேன். போன இடத்திலெல்லாம் அவருக்குத் தலையணை சரியில்லை. சேவலை மன்னித்தேன்.

"அந்தம்மா தலையணை உங்களுக்கு எதுக்கு?" என்றாள் ஸ்டெல்லா.

பிறகு லிட்டில் இந்தியாவில், நகைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஒரு பயண ஏஜென்சிக்குப் போனேன். அங்கிருந்த பெண்மணி என் மூன்று பக்கக் கேள்விகளையும் பொறுமையாகக் கேட்டார். "அறை மேற்குப் பார்த்ததா? பிற்பகல் வெயில் சுவரில் விழுமா?" என்ற இடத்தில் பேனாவைக் கீழே வைத்தார்.

"அண்ணே, மூணு நாள் தங்கப் போறீங்களா, வீடு வாங்கப் போறீங்களா?"

கடைசியில் இரண்டு விடுதிகள் மிஞ்சின. ஒன்று கடலுக்கு மேல் மரத்தூண்களில் நிற்கும் குடில். மற்றது தென்னைகளுக்கு நடுவே தோட்ட வீடு. குடிலுக்குக் கீழே நீர் எவ்வளவு ஆழம் என்று கேட்டு எழுதினேன். பதில் வந்தது. நீர் வற்றும்போது எவ்வளவு என்று கேட்டேன். அதற்கும் வந்தது. தூண்கள் என்ன மரம் என்று கேட்டேன். ஐந்து கடிதங்களுக்கு அன்பாகப் பதில் எழுதியவர்கள் ஆறாவதற்கு ஒரே வரி எழுதினார்கள்: அந்த நாட்களுக்கு அறைகள் தீர்ந்துவிட்டன. அவசரமாகத் தோட்ட வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டேன். பள்ளி விடுமுறை, அங்கேயும் காலியில்லை. மற்ற முப்பத்தொன்பதிலும் அதே கதை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தைச் சொன்னேன். கெவின் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "இட்ஸ் ஓகே பா" என்று அறைக்குள் போய்விட்டான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் அவனை ஒரு தீவுக்கு அழைத்துப் போனோம். புலாவ் தெக்கோங். ராணுவப் பயிற்சித் தீவு.

சேரும் நாளில் பெற்றோரையும் படகில் கூட்டிப்போய், பிள்ளைகள் தூங்கும் இடத்தைக் காட்டிச் சாப்பாடும் போடுவார்கள். வரிசையாக இரும்புக் கட்டில்கள். எங்கள் குழுவுக்கு வந்த சார்ஜெண்ட் ஒரு தமிழ்ப் பையன். "ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

என்னிடம் போய் அப்படிக் கேட்கலாமா?

"இந்த ஜன்னல் மேற்குப் பார்த்ததா?"

ஸ்டெல்லா என் முழங்கையைப் பிடித்தாள். நான் நிற்கவில்லை. கொசு உண்டா? காலை உணவு எத்தனை மணி வரைக்கும்? கடற்கரைக்கு நடந்தே போகலாமா? மூன்று மாதப் பழக்கம், வாய் தானாகவே பட்டியலின்படி போனது. சார்ஜெண்ட் முகம் மாறாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கடைசியாக நான் கேட்டேன்:

"செக்-அவுட் எப்போ?"

அறை முழுக்கச் சிரித்தது. பெற்றோர், பையன்கள், வாசலில் நின்ற அதிகாரி, எல்லோரும். சார்ஜெண்ட் மட்டும் சிரிக்கவில்லை. "ரெண்டு வருஷம், அங்கிள்" என்றார்.

கெவின் கூரையைப் பார்த்தபடி நின்றான். (அங்கே ஒரு பல்லி இருந்தது. குறித்துக்கொண்டேன்.) திரும்பும் படகில் நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிள்ளையின் விடுமுறையையும் கெடுத்து, முதல் நாளையும் கெடுத்த அப்பா நான்.

இரண்டு வாரம் கழித்து மொட்டைத் தலையோடு வீட்டுக்கு வந்தான். அவன் படைப்பிரிவில் அவன் பெயர் இப்போது 'செக்-அவுட்'. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் குளிக்கப் போய்விட்டான். மேசையில் என் மடிக்கணினி திறந்திருந்தது. பழைய பட்டியலின் அடியில் நாற்பத்திரண்டாவதாக ஒரு விடுதி சேர்ந்திருந்தது.

பெயர்: தெக்கோங். மருத்துவ வசதி: வாசலிலேயே. பல்லி: நண்பன். கடல்: இருக்கு, பார்க்க டைம் இல்ல. கட்டில் நீளம்: போதும் பா.

அந்தக் கடைசிக் கட்டத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்லப்போவதில்லை.

அவன் பயிற்சி முடிந்ததும் நாங்கள் மூவரும் ஒரு தீவுக்குப் போய்வந்தோம். பேருந்துக்குக் காத்திருந்தபோது கைப்பேசியில் நான்கு நிமிடத்தில் ஸ்டெல்லா இடம் பிடித்தாள். எந்த விடுதி என்பதைப் படகு கிளம்பும்வரை எனக்குச் சொல்லவில்லை. இன்றும் நான் மீன்கடையில் இரண்டு வஞ்சிரங்களுக்கு நடுவே கொஞ்சம் தயங்கி நின்றால் போதும், பின்னாலிருந்து கெவினின் குரல் வரும்.

"என்ன பா, மீன் மேற்குப் பார்த்திருக்கா?"